பாடக்குறிப்பில் இல்லாத கட்டம்

பாடக்குறிப்பு எழுதாத ஆசிரியர் கிடையாது. வாரம் தவறாமல் எழுதுகிறோம், தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுகிறார், அலுவலர் பார்வைக்கு வந்தால் மேசையில் எடுத்து வைக்கிறோம். ஆர்வமூட்டல், அறிமுகம், துணைக்கருவி, செயல்பாடு, வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி என்று கட்டம் கட்டமாக இருக்கும். அத்தனை கட்டத்திலும் இருப்பது ஆசிரியர் என்ன செய்யப்போகிறார் என்பதுதான். கேள்வியைக் கேட்டதும் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், என்னென்ன விடை சொல்வார்கள், தப்பான விடை எந்த நினைப்பிலிருந்து வருகிறது என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. கணக்கு வகுப்பில் பிள்ளைகளை யோசிக்க வைக்க வேண்டும் என்று பயிற்சிக்குப் பயிற்சி கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதற்கான திட்டமிடல் எங்கே நடக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இல்லாத அந்தக் கட்டத்தில்தான் என்பேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கூட்டலைப் பட்டாம்பூச்சி முறையில் நடத்தினேன். குறுக்கே இரண்டு பெருக்கல், கீழே ஒரு பெருக்கல், முடிந்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, இறக்கையெல்லாம் கலர் பென்சிலில் வரைந்தார்கள். தேர்வில் முக்கால்வாசிப் பேர் சரியாகப் போட்டிருந்தார்கள். விடைத்தாள் கொடுத்த அன்று சும்மா பேச்சுவாக்கில், 1/2-உம் 1/3-உம் சேர்ந்தால் ஒன்றைவிடக் கூடவா, குறைவா என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. அதே கணக்குக்கு 5/6 என்று எழுதி முழு மார்க் வாங்கிய ஒரு பெண், "சார், ரஃப் நோட்டுல போட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?" என்றாள். போட்டாள், 5/6 வந்தது, அந்த 5/6 ஒன்றைவிடக் குறைவா கூடவா என்று மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். இறக்கை வரைந்ததில் பின்னம் பறந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இது என் வகுப்பில் மட்டும் நடந்ததாக இருந்தால் எழுதவே வேண்டாம். 2005 தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காகக் கணிதக் கல்வி பற்றி ஒரு குழு தனி அறிக்கை கொடுத்தது. குழுவின் தலைவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம். கணக்குப் போடத் தெரிவது குறுகிய நோக்கம், குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவது உயர்ந்த நோக்கம் என்று அந்த அறிக்கை பிரித்துச் சொன்னது. நம் பள்ளிக் கணிதம் ஒல்லியாக, உயரமாக மட்டும் வளர்ந்து நிற்கிறது, அதை அகலப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கு பயத்தையும் தோற்றுப்போன உணர்வையும்தான் விட்டுச்செல்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அறிக்கை வந்து 20 வருடம் ஆகிறது. நோக்கத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது, ஆனால் திங்கட்கிழமை காலை இரண்டாம் பீரியட் 40 நிமிடத்தில் அதை எப்படி நடத்துவது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றில் உருப்படியான பதில் ஜப்பானில் இருக்கிறது. 1995 டிம்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வு ஆய்வோடு சேர்த்து, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டின் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்து அலசினார்கள். மொத்தம் 231 பாடம், அதில் ஜப்பானுடையது 50. அமெரிக்க வகுப்பில் பொதுவாக ஆசிரியர் வழிமுறையைப் போட்டுக் காட்டுகிறார், பிள்ளைகள் அதே மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பழகுகிறார்கள், அதாவது நம் வகுப்பேதான். ஜப்பானிய வகுப்பில் பல நேரம் ஒரு பீரியட் முழுக்க ஒன்றிரண்டு கணக்குதான். வழிமுறையைச் சொல்லித்தரும் முன்னாலேயே கணக்கைக் கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் தனியாகக் கொஞ்ச நேரம் முட்டி மோதுகிறார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் உட்கார்ந்த வரிசைப்படி பெயர் எழுதிய தாளோடு பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்து, யார் எந்த வழியில் போகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். அப்புறம் அந்த வழிகளைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்து, வகுப்பே சேர்ந்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பேசுகிறது. இந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நெரியாகே, பிசைந்து எடுப்பது என்று அர்த்தம். சப்பாத்தி மாவு பிசைந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இதில் எல்லோரும் வியப்பது அந்தப் பேச்சைத்தான். அதற்கு முந்தைய நாள் நடக்கிற வேலை கண்ணில் படுவதில்லை. ஜப்பானிய ஆசிரியர்கள் எழுதும் விரிவான பாடக்குறிப்பில் நாம் எழுதாத அந்தக் கட்டம் உண்டு, பிள்ளைகளிடமிருந்து எதிர்பார்க்கும் பதில்கள் என்றே தனியாக. எந்தக் கேள்வியோடு தொடங்குவது, எண் என்னவாக இருக்க வேண்டும், எந்தத் தப்பு வரும், வந்தால் அதை எதற்கு அடுத்ததாகப் பலகையில் வைப்பது என்று உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார்கள்.

பொதுவாகப் பேசினால் புரியாது, அதே 1/2 + 1/3 பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். இப்போது அதை இப்படித் தொடங்குகிறேன்: கடையில் வாங்கிய ஒரு முழுக் கடலை மிட்டாயில் அக்கா பாதியைச் சாப்பிட்டுவிட்டாள், தம்பி முழு மிட்டாயில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டான். மீதி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? இந்த இரண்டு வரிக் கேள்வியை முடிவு செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆனது. முதலில் "ஆறு துண்டுள்ள மிட்டாய்" என்று எழுதியிருந்தேன், அப்படிக் கொடுத்தால் மூன்று துண்டு, இரண்டு துண்டு, மீதி ஒன்று என்று எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை துண்டாக வெட்டினால் வசதி என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாடமே, அதை நானே கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? "முழு மிட்டாயில்" என்ற சொல்லும் பிறகு சேர்த்ததுதான். அது இல்லாதபோது ஒரு பையன் மீதிப் பாதியில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டான். அவன் படித்த விதத்தில் தப்பே இல்லை, எழுதிய நான்தான் கவனிக்கவில்லை.

சரி, பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக 2/5 சாப்பிட்டாச்சு, 3/5 மீதி என்று ஒரு கூட்டம் வரும். ட்யூஷனில் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கக் கற்றவர்கள் 5/6 என்று டக்கென்று போட்டுவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள், ஏன் ஆறு என்றால் "மீ.சி.ம சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. யாராவது ஒருத்தி 12 கட்டம் போட்டு ஆறும் நான்கும் பத்து, மீதி 2/12 என்பாள். ஒருவன் கடிகாரத்தைப் பிடிப்பான், அரை மணி 30 நிமிடம், மூன்றில் ஒன்று 20 நிமிடம், மீதி 10 நிமிடம் என்று. வட்டம் போட்டுவிட்டு மூன்று சம பாகம் பிரிக்க முடியாமல் ரப்பரைத் தேடுகிறவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கென்று பையில் செவ்வகக் காகிதம் வைத்திருப்பேன், நீளவாக்கில் இரண்டாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் மடித்துப் பிரித்தால் ஆறு கட்டம் தானாகத் தெரியும்.

இவ்வளவும் முதல் நாளே குறிப்பேட்டின் வலது பக்கத்தில் எழுதியிருக்கும். எழுதினால் என்ன லாபம் என்றால், வகுப்பில் 2/5 என்ற பதில் வரும்போது எனக்கு அதிர்ச்சி இருக்காது. அதிர்ச்சி இல்லாவிட்டால் முகம் மாறாது, "தப்பு, உக்காரு" என்று வாயில் வராது. பிள்ளைகள் விடையைவிட நம் முகத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

பலகையில் முதலில் காகிதம் மடித்தவனைக் கூப்பிடுவேன், அடுத்து 12 கட்டம், அப்புறம் கடிகாரம். 2/5-ஐ நான்காவதாக, அதுவும் பெயர் சொல்லாமல், "இப்படியும் நிறையப் பேர் போட்டிருக்கீங்க" என்று எழுதுவேன். மீ.சி.ம கடைசியில்தான். முதலிலேயே அதைக் கூப்பிட்டால் ஆட்டம் முடிந்துவிடும், சரியான விடை வந்துவிட்டது என்று எல்லோரும் பென்சிலை வைத்துவிடுவார்கள். 2/5-ஐ எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. ஒரு வருடம் பின் பெஞ்சிலிருந்து, "சார், அக்கா மட்டுமே பாதி தின்னுட்டா. தம்பியும் சேந்து தின்னப்புறம் எப்படி பாதிக்கும் கம்மியாகும்?" என்று ஒரு குரல் வந்தது. 2/5 பாதியைவிடக் குறைவு என்று நானே சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள், அவன் சொன்னதும் 2/5 போட்ட பையன்களே சிரித்துவிட்டார்கள்.

இன்னொரு வருடம் 2/5 போட்ட ஒரு பெண் விடவில்லை. "கிரிக்கெட்ல ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம், அப்புறம் மூணு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே சார்?" நியாயம்தான். அங்கே 2/5 சரியான விடை. ஏனென்றால் அங்கே இரண்டு மேட்சும் மூன்று மேட்சும் வேறு வேறு முழுமை, இரண்டையும் சேர்த்துப் புது முழுமை உருவாகிறது, மிட்டாயில் முழுமை ஒன்றே ஒன்றுதான். எதில் பாதி, எதில் மூன்றில் ஒன்று என்ற கேள்வி அன்றைக்கு அந்தப் பெண் தயவில் வகுப்புக்குள் வந்தது. அது என் வலது பக்கத்தில் எழுதப்படாத பதில், அடுத்த வருடத்திலிருந்து எழுதப்படுகிறது.

இந்த இடத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி பற்றி ஒரு சின்ன விஷயம். "ஒன் பை த்ரீ" என்று படிக்கும்போது காதில் விழுவது இரண்டு எண்ணும் நடுவில் ஒரு கோடும்தான். "மூன்றில் ஒன்று" என்று படித்தால் முதலில் எத்தனை பாகம், பிறகு அதில் எத்தனை என்று பொருளோடு வருகிறது. ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும்கூடக் கீழ் எண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள். நம்மிடம் இன்னும் பழைய சரக்கும் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த காலத்தில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, மாகாணி என்றால் 1/16. மனப்பாடத்துக்குப் பேர்போன அந்தச் சுவடியிலிருந்தே "மாகாணி ஏன் பதினாறில் ஒன்று?" என்று ஒரு கேள்வியை எடுக்கலாம். 1/20-ஐ 4/80 ஆக்கி 1/80-ஐச் சேர்த்தால் 5/80, அது 1/16. ஏழாம் வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு அரைக்கால், வீசம் என்று அள்ளிக்கொண்டு வருவார்கள்.

கேள்வி கேட்கும் விதத்தையும் திட்டமிட வேண்டும். நம் வகுப்பறையில் "ஏன்?" என்பது கேள்வியே கிடையாது, அது குற்றச்சாட்டு. "ஏன்டா லேட்டு?", "ஏன் ஹோம் ஒர்க் செய்யல?" என்றே கேட்டுப் பழகிய பிள்ளையிடம் "ஏன் 5/6?" என்று கேட்டால் சரியான விடையைக்கூட ரப்பரால் அழித்துவிடுகிறது. நான் "எப்படி யோசிச்ச, சொல்லு" என்று மாற்றிக்கொண்டேன். சரியான விடைக்கும் அதையே கேட்க வேண்டும், தப்புக்கு மட்டும் கேட்டால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாகக் காத்திருந்தது சுமார் ஒரு நொடி. மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாயின, "தெரியல" குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. 40 பிள்ளைகள் முன்னால் சும்மா நின்று பாருங்கள், மனதுக்குள் எண்ணாமல் என்னால் முடியவில்லை.

பலகையை அழிக்காமல் வைப்பதையும் ஜப்பானியர்களிடம்தான் கற்றேன். பலகையில் எழுதும் முறைக்கே அவர்கள் பான்ஷோ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் கேள்வி, நடுவில் பிள்ளைகளின் வழிகள், வலது ஓரத்தில் வகுப்பு வந்து சேர்ந்த முடிவு, பீரியட் முடியும் வரை டஸ்டர் தொடக் கூடாது. அப்படி இருந்தால்தான் கடைசியில் திரும்பிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

திரும்பிப் பார்ப்பது என்றதும் ஜார்ஜ் போல்யா நினைவுக்கு வருவார். ஹங்கேரியில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த அவர் 1945-ல் கணக்குத் தீர்ப்பதை நான்கு படியாகச் சொன்னார்: கணக்கைப் புரிந்துகொள், திட்டம் போடு, செய்து பார், செய்ததைத் திரும்பிப் பார். பி.எட். படித்த எல்லோரும் இதை மனப்பாடமாக எழுதியிருப்போம், ஆனால் வகுப்பில் நான்காவது படி வரும்போது மணி அடித்துவிடும். அதனால் நான் திட்டமிடுவதையே பின்னாலிருந்து தொடங்குகிறேன். கடைசி எட்டு நிமிடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள 32 நிமிடத்தில் எத்தனை கணக்கு அடங்கும் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் அடங்கும்.

அந்த எட்டு நிமிடத்தில் நோட்டில் எழுதச் சொல்வேன். முதலில் நான் கொடுத்த கேள்வி "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?". வந்த பதில்: "இன்று பின்னம் கூட்டல் கற்றேன். மிகவும் நன்றாக இருந்தது. நன்றி." நாற்பது நோட்டிலும் இதேதான், கையெழுத்து மட்டும் வேறு. கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாகத்தானே வரும். இப்போது, கணக்கைப் பார்த்ததும் முதலில் என்ன நினைத்தாய், அது மாறியதா, பலகையில் எதைப் பார்த்தபோது மாறியது என்று கேட்கிறேன். அல்லது, இன்றைக்கு லீவு போட்ட உன் பக்கத்து பெஞ்ச் பையன் நாளை வந்து 2/5 என்று போட்டால், விடையைச் சொல்லாமல் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் எதைக் கேட்பாய்? அல்லது, இன்னும் ஒருவர் வந்து மிட்டாயைச் சாப்பிட்டு மீதியே இல்லாமல் ஆக்கினால் அவர் சாப்பிட்டது எவ்வளவு, மூன்று பேரும் மூன்று வேறு அளவு சாப்பிட்டு மிட்டாய் தீருகிற மாதிரி வேறு கணக்கு ஒன்று உருவாக்கு. கடைசியில் சொன்னதை வேகமாக முடிக்கிற பிள்ளைகளுக்கு வைத்திருப்பேன், சாயங்காலம் வரை மண்டையைக் குடையும்.

இந்த எழுத்துக்கு மார்க் போடக் கூடாது. 1988-ல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் செய்த ஆய்வு இதற்கு நல்ல காரணம் தருகிறது. சில பிள்ளைகளுக்குக் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தார், சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை, மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்குப் போவதில்லை போலிருக்கிறது. நான் ஒரு நாளைக்குப் பத்து நோட்டு மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். நாற்பதையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் டிக் அடிப்பதுதான் நடக்கும்.

போர்ஷன் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். தினமும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஒரு இயலுக்கு ஒன்று அல்லது இரண்டு பாடம், அதுவும் அந்த இயலின் கழுத்தைப் பிடித்திருக்கிற இடத்தில் நடத்தினால் போதும். அதன் பிறகு புக்பேக் கணக்குகள் வேகமாகவே ஓடுகின்றன. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு அந்த ஒன்றுகூடக் கஷ்டம், அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தொகுதி மேலே, பகுதி கீழே என்று பெயர் இருப்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம், அதை நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். வாய்ப்பாடும் வேண்டும், வாய்ப்பாடு தெரியாத பிள்ளை 12 கட்டத்தை யோசிக்கும் முன்னாலேயே களைத்துவிடும்.

பயிற்சியையும் யோசனையையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டலாம். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1940-களில் கண்டுபிடித்த 6174 அப்படிப்பட்டது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, திருப்பி அடுக்கியதைக் கழிக்க வேண்டும். 3524 என்றால் 5432 - 2345 = 3087, அடுத்து 8730 - 0378 = 8352, அடுத்து 8532 - 2358 = 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு தடவைக்குள் அங்கே வந்து நிற்கும். கடன் வாங்கிக் கழித்தலில் இருபது கணக்கு போடச் சொன்னால் முனகுகிற வகுப்பு, இதில் முப்பது கழித்தல் போட்டுவிட்டு மூன்று இலக்கத்துக்கு என்ன வரும் என்று கேட்டது.

ஜப்பானில் இந்தத் திட்டத்தை ஒருவரே தனியாகப் போடுவதில்லை. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளின் நோட்டைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து அந்தப் பாடத்தை விமர்சிக்கிறார்கள். பாடம் எல்லோருடையதுமாக இருப்பதால் நடத்தியவர் மேல் குறை விழுவதில்லை. நம்மிடம் சனிக்கிழமை சி.ஆர்.சி. (குறுவள மையம்) கூட்டம் இருக்கிறது, பெரும்பாலும் திரையில் ஓடும் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். அதில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு கேள்வியை எடுத்து, நம் பிள்ளைகள் இதற்கு என்னென்ன சொல்வார்கள் என்று எழுதினால் போதும். பத்து பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்தால் ஒருவருக்குத் தோன்றாதது இன்னொருவர் வகுப்பில் நடந்திருக்கும்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் தொடங்குகிறேன். கேள்வி முடிவாகிவிட்டது: 100 ரூபாய்ச் சட்டைக்குக் கடைக்காரர் 20% விலை ஏற்றினார், விற்கவில்லை என்று ஏற்றிய விலையில் 20% குறைத்தார், இப்போது என்ன விலை? வலது பக்கத்தில் இதுவரை எழுதியிருப்பவை: "அதே 100", "அதே 100, ஏன்னா ரெண்டும் 20", "96", "கடைக்காரருக்குத்தான் லாபம், அவர் கணக்கு தெரியாமலா செய்வார்". ஐந்தாவது ஒன்று கட்டாயம் வரும், இன்னும் எனக்குத் தோன்றவில்லை.